தண்ணீர், புகை, போராட்டம்: விளையாட்டுப் பக்கத்துக்குப் புதிதாக வரும் நிருபருக்கு

விளையாட்டுப் பிரிவில் சேர்பவருக்கு ஸ்கோர் எழுதவும் பேட்டி எடுக்கவும் யாராவது சொல்லித்தருவார்கள். மைதானத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது, வாசலில் மறியல் செய்பவர்கள் யார், பந்தயச் சத்தம் பக்கத்து மருத்துவமனை வார்டில் எவ்வளவு கேட்டது என்றெல்லாம் எழுத வேண்டிய நாள் வரும்போது பக்கத்தில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். செய்திப் பிரிவு ‘அது விளையாட்டு’ என்று உங்களிடம் தள்ளும். உங்கள் பிரிவோ ‘அது அரசியல்’ என்று திருப்பித் தள்ளும். இந்த இரண்டு மேசைகளுக்கும் இடையில் நீண்ட காலம் அலைந்து, எந்த அலுவலகத்தில் எந்தக் காகிதம் கிடைக்கும் என்று தெரிந்துகொண்ட பிறகு இதை எழுதுகிறேன். நீங்கள் அதே அலைச்சலை அலைய வேண்டியதில்லை.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இத்தகைய செய்திக்கான சான்று கிரிக்கெட் வாரியத்திடமிருந்தோ போட்டி ஏற்பாட்டாளரிடமிருந்தோ அநேகமாக வராது. அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தவர், நிலம் கொடுத்தவர், அனுமதி கொடுத்தவர், காவல் கொடுத்தவர் என்று நாலு பேர் இருக்கிறார்கள். அந்த நாலு பேரும் அரசு அலுவலகங்கள். அங்கே போங்கள்.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

‘விளையாட்டும் சுற்றுச்சூழலும்’ என்று ஆசிரியரிடம் போய் நின்றால் உலக நாள் ஏதாவது வரும்போது பார்க்கலாம் என்பார். ஒரு மைதானம், ஒரு பருவம், ஒரு வளம் என்று கேள்வியைக் குறுக்குங்கள். ‘சென்ற ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் இந்த மைதானத்துக்கு வந்த தண்ணீர் எவ்வளவு, யார் கொடுத்தது, என்ன விலைக்கு?’ இப்படிக் கேட்டால் பதில் ஏதோ ஒரு பதிவேட்டில் இருந்தே ஆக வேண்டும்.

குறுகிய கேள்வி சிறிய செய்தியைத்தான் தரும் என்று நினைக்காதீர்கள். 2018 ஐபிஎல்லை எடுத்துக்கொள்ளுங்கள். காவிரி வழக்கில் அந்த ஆண்டு பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 177.25 டிஎம்சியாகக் குறைத்தது. நீர்ப்பங்கீட்டுக்கான ஏற்பாட்டை மத்திய அரசு ஆறு வாரங்களில் செய்ய வேண்டும் என்றும் சொன்னது. கெடு முடிந்தது, காவிரி மேலாண்மை வாரியம் அமையவில்லை, தமிழ்நாடு கொதித்தது. இரண்டு ஆண்டுத் தடைக்குப் பிறகு சென்னை அணி ஊர் திரும்பிய முதல் ஆட்டம், ஏப்ரல் 10 அன்று, அந்தக் கொதிப்பின் நடுவில் வந்து விழுந்தது. அண்ணா சாலையில் மறியல் நடந்தது, மைதானத்துக்குள் காலணி வீசப்பட்டது. மிச்ச ஆட்டங்கள் புனேவுக்குப் போயின.

பெரும்பாலான விளையாட்டுப் பக்கங்களில் கதை அத்தோடு முடிந்தது. ஆனால் புனேவில் இன்னொரு ஆற்றின் வழக்கு காத்திருந்தது. கஹுஞ்சே மைதானத்துக்குப் பவனா ஆற்றுத் தண்ணீரை எடுக்கக் கூடாது என்று அதே ஏப்ரலில் மும்பை உயர் நீதிமன்றம் மகாராஷ்டிர கிரிக்கெட் சங்கத்தைத் தடுத்தது. ஓர் ஆற்றுச் சிக்கலால் துரத்தப்பட்ட ஆட்டங்கள் இன்னோர் ஆற்றுச் சிக்கலில் போய் மாட்டின. ‘புதிய மைதானத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து?’ என்ற ஒற்றைக் கேள்வியை அன்று கேட்டிருந்த நிருபருக்கு இந்தச் செய்தி கையில் வந்து உட்கார்ந்திருக்கும்.

2. நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணுங்கள்

விளையாட்டுப் பிரிவு மணிக்கணக்கில் வேலை செய்கிறது, அரசு அலுவலகம் மாதக்கணக்கில். புதியவர்கள் இடறி விழுவது பெரும்பாலும் இங்கேதான். முதல் ஆட்டத்தின் டாஸ் போட்ட பிறகு தகவல் உரிமை மனு எழுத உட்காருவார்கள். பதில் வரும்போது கோப்பை ஊர்வலமே முடிந்திருக்கும்.

மனுவுக்குப் பதிலளிக்கச் சட்டம் தரும் அவகாசம் 30 நாட்கள். மூன்றாம் தரப்பைக் கலந்து பேச வேண்டியிருந்தால் 40. பதில் வராமலோ மழுப்பலாகவோ போனால் முதல் மேல்முறையீடு, அதற்கு 30 முதல் 45 நாட்கள். ஆக, சுமுகமாகப் போனாலே இரண்டரை மாதம். ஐபிஎல் மார்ச் பிற்பகுதியில் தொடங்குகிறது என்றால் மனு டிசம்பரில் போக வேண்டும்.

இதில் ஒரு குறுக்குவழி உண்டு. நடக்கப்போகும் பருவத்தைக் கேட்காதீர்கள், முடிந்துபோன பருவத்தைக் கேளுங்கள். அந்தக் கணக்கு ஏற்கெனவே பதிவேட்டில் ஏறியிருக்கும், ‘இன்னும் தொகுக்கப்படவில்லை’ என்று தட்டிக்கழிக்க முடியாது. புதிய பருவம் தொடங்கும் வாரத்தில் சென்ற பருவத்தின் கணக்கை வெளியிட்டால் செய்தி பழசாகத் தெரியாது. ஆசிரியருக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடும்.

வேறு விளையாட்டுகளுக்கு வேறு கணக்கு. டெல்லியின் காற்று மாசு என்றால் அக்டோபர் இறுதியிலிருந்து ஜனவரி வரை. ஜல்லிக்கட்டு என்றால் பொங்கலுக்கு முந்தைய வாரங்களிலேயே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குகள் வரத் தொடங்கும். அவனியாபுரத்தில் யார் நடத்துவது என்ற சச்சரவு நீதிமன்றம்வரை போவது ஊரறிந்த விஷயம். களத்தில் மாடு அவிழ்ப்பதற்கு முன்பே செய்தியின் பாதி அந்த ஆணைகளில் இருக்கும்.

3. காசில்லாமல் கிடைக்கும் ஆவணங்களை முதலில் எடுங்கள்

மனு போடும் முன் இணையத்தில் திறந்து கிடப்பதை எடுத்துவிட வேண்டும். பாதி நேரம் மனுவே தேவைப்படாது.

நீதிமன்ற ஆணைகள். உயர் நீதிமன்றத் தளங்களிலும் இ-கோர்ட்ஸ் தளத்திலும் இலவசம். வழக்கு எண் தெரிந்தால் ஒரு நிமிட வேலை. தெரியாவிட்டால் மனுதாரர் பெயரையோ எதிர்மனுதாரரான கிரிக்கெட் சங்கத்தின் பெயரையோ வைத்து, ஆண்டையும் கொடுத்துத் தேடுங்கள். முதல் ஆணையோடு நிறுத்திவிடக் கூடாது. 2016இல் மகாராஷ்டிர வறட்சியின்போது, ஏப்ரல் 30க்குப் பிறகு அந்த மாநிலத்தில் ஐபிஎல் ஆட்டங்கள் கூடாது என்று மும்பை உயர் நீதிமன்றம் ஏப்ரல் 13 அன்று சொன்னது. மும்பையில் நடக்கவிருந்த இறுதிப்போட்டி பெங்களூருக்குப் போனது. ஆனால் மே 1 அன்று புனேவில் ஓர் ஆட்டம் நடந்தது. ஆணை மீறப்பட்டதா? இல்லை, அந்த ஓர் ஆட்டத்துக்கு நீதிமன்றமே பின்னர் விலக்கு கொடுத்தது. முதல் ஆணையை மட்டும் கையில் வைத்திருந்தவர் ‘நீதிமன்ற அவமதிப்பு’ என்று எழுதியிருந்தால் மறுநாள் திருத்தம் போட வேண்டியிருந்திருக்கும். எந்த வழக்கானாலும் அடுத்த விசாரணைகளின் ஆணைகளையும், உச்ச நீதிமன்றம் போனதா என்பதையும் பாருங்கள்.

பசுமைத் தீர்ப்பாயம். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் கலச மகாலில் இருக்கிறது. சேப்பாக்கம் மைதானத்திலிருந்து நடந்தே போய்விடலாம், பயிற்சி ஆட்டம் பார்க்கப் போகிற நாளில் இரண்டு வேலையும் முடியும். ஆணைகள் அவர்களுடைய தளத்திலும் கிடைக்கின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ கூட்டுக்குழுவோ தாக்கல் செய்யும் கள அறிக்கை ஆணைகளுக்கு இணைப்பாக வரும்போது விடாமல் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். அளவெடுத்து எழுதிய காகிதம் அதுதான்.

ஒப்பந்தப்புள்ளிகள். அரசு செலவில் சாலை போடுவது, தடுப்பு வைப்பது, விளக்கு கட்டுவது எல்லாம் அரசின் ஒப்பந்தப்புள்ளித் தளத்தில் ஏறும். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி நடந்த ஃபார்முலா 4 தெருப்பந்தயம் நல்ல பாடம். முதலில் 2023 டிசம்பருக்கு வைத்து, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. புயல், வழக்கு, சர்வதேச மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் தடச் சான்றிதழ், பக்கத்தில் இரண்டு பெரிய அரசு மருத்துவமனைகள் என்று எல்லாம் ஒரே நிகழ்ச்சியில். இதில் யார் எதற்குச் செலவு செய்தார் என்பதை ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தின் தலைப்பும் தேதியும் மதிப்பும் சொல்லிவிடும். ஆவணங்கள் சில காலத்துக்குப் பிறகு தளத்தின் முகப்பிலிருந்து நகர்ந்துவிடும், பார்த்த அன்றே சேமித்துக்கொள்ளுங்கள்.

அனுமதி ஆணைகள். கிராமத்துக் கபடிப் போட்டிக்குக் காவல்துறை அனுமதி மறுத்தால் ஏற்பாட்டாளர்கள் உயர் நீதிமன்றம் போவார்கள். நீதிமன்றம் நிபந்தனைகளோடு அனுமதிக்கும். வீரர்களின் உடையில் சாதி அடையாளமோ தலைவர் படமோ கூடாது, மருத்துவக் குழு இருக்க வேண்டும், காயத்துக்கு ஏற்பாட்டாளரே பொறுப்பு என்ற வகை நிபந்தனைகள் இந்த ஆணைகளில் இடம்பெற்றிருக்கின்றன. மாவட்ட நிருபர்கள் இதைப் படிப்பதே இல்லை என்பது என் ஆதங்கம். ஒரு வட்டாரத்தில் சாதிப் பதற்றம் விளையாட்டுக்குள் எப்படி வருகிறது என்பதை ஆய்வாளர் எவரையும் தேடாமல் இந்த நாலு பக்கங்களிலிருந்தே எழுதலாம். நிபந்தனைகளின் பட்டியலோடு போட்டிக்குப் போய், எது காப்பாற்றப்பட்டது, எது காற்றில் போனது என்று ஒவ்வொன்றாகக் குறித்தால் போதும்.

4. தகவல் உரிமை மனு: எழுதும் முறை

கிரிக்கெட் வாரியத்துக்கு மனு அனுப்பி நேரத்தை வீணாக்காதீர்கள். இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று மத்தியத் தகவல் ஆணையம் 2018இல் சொன்னது, வாரியம் நீதிமன்றம் போனது. 2025இல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டமும் அரசு நிதி பெறும் அமைப்புகளையே தகவல் உரிமைக்குள் வைத்தது. வாரியத்தின் கதவு மூடியிருப்பதில் பெரிய நஷ்டமில்லை. குடிநீர் வாரியம், மாநகராட்சி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், வருவாய்த் துறை, காவல் ஆணையர் அலுவலகம் ஐந்தும் பொது அதிகார அமைப்புகள். மைதானம் அவர்களிடமிருந்து எதைப் பெற்றது என்பதை அவர்கள் சொல்லியாக வேண்டும்.

கட்டணம் பத்து ரூபாய். தமிழ்நாட்டு அலுவலகங்களுக்குத் தபாலில் அனுப்பினால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை மனுவில் ஒட்டலாம். மாநில அரசுக்கும் மத்திய அரசுக்கும் தனித்தனி இணையதளங்கள் உண்டு, அவற்றில் அட்டையிலோ யுபிஐயிலோ செலுத்தலாம். நகல் ஒரு பக்கத்துக்கு இரண்டு ரூபாய். 30 நாட்களைத் தாண்டிப் பதில் தந்தால் தகவலை இலவசமாகவே தர வேண்டும் என்று பிரிவு 7(6) சொல்கிறது. தாமதமான பதிலோடு பணம் கேட்டுக் கடிதம் வந்தால் இந்தப் பிரிவை எடுத்துச் சொல்லி மறு கடிதம் போடுங்கள்.

மனுவை உங்கள் சொந்தப் பெயரில் போடுங்கள். இந்தச் சட்டம் குடிமகனுக்கானது. ‘ஆசிரியர், இன்ன நாளிதழ்’ என்று நிறுவனத்தின் கடிதத்தாளில் எழுதினால் அதையே காரணம் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை, பிரிவு 6(2) உங்கள் பக்கம்.

அடுத்தது கேள்வியின் வடிவம். ‘ஏன் இவ்வளவு தண்ணீர் கொடுத்தீர்கள்?’ என்று கேட்டால், விளக்கம் தருவது எங்கள் கடமையல்ல என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள், சட்டப்படி அது சரியும்கூட. பதிவேட்டில் இருப்பதைத்தான் கேட்க முடியும். இப்படி எழுதிப் பாருங்கள்:

அ. சென்ற ஆண்டு மார்ச் 1 முதல் மே 31 வரை இன்ன மைதான வளாகத்துக்கு வழங்கிய தண்ணீரின் அளவு, மாதவாரியாக, லிட்டரில். குழாய் இணைப்பு, டேங்கர் லாரி, சுத்திகரித்த கழிவுநீர் ஆகியவற்றுக்குத் தனித்தனியாக.

ஆ. மேற்படி காலத்துக்கு வசூலித்த கட்டணம், ரசீது நகல்களுடன்.

இ. மேற்படி காலத்தில் அந்த வளாகத்துக்குச் சென்ற டேங்கர் லாரி நடைகளின் பதிவேட்டு நகல்.

ஈ. மேற்படி கோப்புகளை நேரில் பார்வையிட நாளும் நேரமும்.

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். தகவல் உரிமை என்பதற்குள் பார்வையிடலும் அடங்கும் என்பதைச் சட்டத்தின் பிரிவு 2(ஜே) வரையறையிலேயே நீங்கள் படித்துக்கொள்ளலாம். மத்திய அரசு விதிகளில் முதல் மணி நேரப் பார்வை இலவசம். கோப்பைப் புரட்டும்போதுதான் நீங்கள் கேட்கவே தோன்றாத கடிதம் கண்ணில் படும். தண்ணீர்ப் பற்றாக்குறை என்று கீழ்நிலைப் பொறியாளர் எழுதிய குறிப்பு, அதன் மேல் வேறொரு பேனாவில் போட்ட ‘அனுமதி’.

அ-வில் மூன்று வகைத் தண்ணீரையும் பிரித்துக் கேட்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 2024 கோடையில் பெங்களூரு தவித்தபோது சின்னசாமி மைதானத்துக்குச் சுத்திகரித்த கழிவுநீர் தரப்பட்டது. குடிநீர் வாரியமே கொடுத்தாலும் அது குடிநீர் அல்ல. மொத்தமாகக் கேட்டு மொத்தமாகப் பதில் வாங்கி ‘மைதானத்துக்கு இத்தனை லட்சம் லிட்டர் குடிநீர்’ என்று தலைப்புப் போட்டால் செய்தி அன்றே செத்துவிடும்.

தவறான அலுவலகத்துக்கு மனு போனால் பயப்பட வேண்டாம். ஐந்து நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்புவது அவர்கள் பொறுப்பு, பிரிவு 6(3). ஆனால் ஒரே மனுவில் நாலு துறைக்கான கேள்விகளைப் போட்டால் அது நாலாகப் பிரிந்து, நாலு திசையில் போய், எதற்கு எப்போது கெடு என்றே தெரியாமல் போகும். துறைக்கு ஒரு மனு. நாற்பது ரூபாய் செலவு, தலைவலி மிச்சம்.

5. எண்ணைக் கண்டால் அது யாருடையது என்று கேளுங்கள்

2016இல் எல்லாச் செய்திகளிலும் ஓர் எண் சுற்றியது: மகாராஷ்டிர மைதானங்களுக்கு 60 லட்சம் லிட்டர். அது வழக்குத் தொடுத்தவர்கள் தரப்பின் எண். நீதிமன்றம் அளந்து கண்டுபிடித்த எண் என்பதுபோலப் பல இடங்களில் அச்சானது. மனுவில் இருப்பது ‘மனுதாரர் கூறுகிறார்’, பதில் மனுவில் இருப்பது ‘சங்கம் கூறுகிறது’, ஆணையில் இருப்பது மட்டுமே ‘நீதிமன்றம் கூறியது’. இந்த மூன்றையும் கலக்காமல் எழுதினாலே உங்கள் செய்தி மற்றவற்றிலிருந்து தனித்து நிற்கும்.

அதே மாநிலத்தில் கரும்பு குடிக்கும் தண்ணீரின் முன் மைதானங்களின் தண்ணீர் ஒன்றுமே இல்லை என்ற எதிர்வாதமும் உண்டு. அது உண்மையே. ஆனாலும் லாத்தூருக்கு ரயிலில் தண்ணீர் போன அதே மாதத்தில் புல்லுக்கு நீர் பாய்ச்சுவது மக்களுக்கு என்ன சொல்கிறது என்பது லிட்டரில் அளக்க முடியாத கேள்வி. என் கருத்தில் இரண்டையும் எழுத வேண்டும். கரும்பை மறைத்துவிட்டு மைதானத்தை மட்டும் காட்டுவது எளிய வழி, வாசகரை ஏமாற்றும் வழியும்கூட.

காற்று மாசு எண்களில் சிக்கல் வேறு மாதிரி. 2017 டிசம்பர் 3, டெல்லி ஃபெரோஸ் ஷா கோட்லாவில் இலங்கை வீரர்கள் முகமூடியோடு களத்தில் நின்றார்கள், ஆட்டம் நின்று நின்று நடந்தது, கடைசியில் விராட் கோலி 7 விக்கெட்டுக்கு 536 என்று டிக்ளேர் செய்தார். இலங்கையின் நடிப்பா, உண்மையான மூச்சுத்திணறலா என்று அன்று வாதம் ஓடியது. மைதானத்துக்கு அருகிலுள்ள கண்காணிப்பு நிலையத்தின் அன்றைய அளவை ஸ்கோர் அட்டைக்குப் பக்கத்தில் போட்டிருந்தால் வாதத்தின் பாதி தீர்ந்திருக்கும்.

அந்த அளவை எடுக்கும்போது கவனம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாலை 4 மணிக்கு வெளியிடும் அன்றாடக் காற்றுத் தரக் குறியீடு 24 மணி நேரச் சராசரி. ஆட்டம் நடந்த நேரத்தின் அளவு வேண்டுமென்றால் நிலையவாரியான மணிக்கணக்குத் தரவைத் தனியாக எடுக்க வேண்டும். கைப்பேசிச் செயலிகளில் பல அமெரிக்க அளவுகோலைக் காட்டுகின்றன. ஒரு கன மீட்டரில் 60 மைக்ரோகிராம் பிஎம் 2.5 நுண்துகள் இருந்தால் இந்தியக் குறியீட்டில் அது 100, ‘திருப்திகரம்’ வகையின் விளிம்பு. அமெரிக்கக் குறியீட்டில் அதே காற்று 150ஐத் தாண்டும். இரண்டையும் ஒரே செய்தியில் கலந்தால் எந்த வாரிய அதிகாரியும் உங்களைச் சிரித்தே அனுப்பிவிடுவார்.

ஒலி பற்றி ஒரு குறிப்பு போதும். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி அமைதி மண்டலமாக அறிவிக்கப்பட்ட 100 மீட்டரில் வரம்பு பகலில் 50, இரவில் 40 டெசிபல். குடியிருப்பில் 55, 45. இரவு என்பது 10 மணியிலிருந்து. இரவு ஆட்டங்கள் அதைத் தாண்டித்தான் முடிகின்றன. எனவே, ஒலிபெருக்கிக்கு விலக்கு தரப்பட்டதா, எந்தத் தேதி ஆணை என்று கேளுங்கள். கைப்பேசியில் அளந்ததை அறிகுறியாக எழுதலாம், சான்றாக எழுதக் கூடாது.

6. போராட்ட நாளில் எங்கே நிற்பது

அங்கீகார அட்டை கழுத்தில் இருந்தால் உள்ளே போகத்தான் தோன்றும். உள்ளே போய்விட்டால் வெளியே வருவது கடினம், திரும்ப நுழைவது அதைவிடக் கடினம். வாசலில் பதற்றம் என்று முன்பே தெரிந்தால் வெளியே ஒருவர், உள்ளே ஒருவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். தனி ஆளாக இருந்தால் ஆட்டம் தொடங்கும்வரை வெளியே நில்லுங்கள். ஸ்கோர் எங்கேயும் கிடைக்கும்.

அட்டையோடு வரும் நிபந்தனைத் தாளைக் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். களத்தைக் கைப்பேசியில் படம்பிடித்து நேரலை போடுவதை ஒளிபரப்பு உரிமையைக் காரணம் காட்டிப் பொதுவாகத் தடுத்திருப்பார்கள். மாடத்தில் பதாகை பிடிப்பவரைப் படமெடுத்தாலும் அதே விதியைக் காட்டி அட்டையைப் பறிக்கப் பார்ப்பார்கள். படக்கலைஞரை முறையான அனுமதியோடு அழைத்துப் போவதே பாதுகாப்பு.

போராட்டக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது கோரிக்கை. 2018இல் பல செய்திகளில் காலணி வந்த திசை இருந்தது, எந்த வீரருக்கு அருகில் விழுந்தது என்பது இருந்தது, காவிரிக் கெடு எந்தத் தேதியில் முடிந்தது என்பது இல்லை. கோரிக்கையை ஒரு முழுப் பத்தியில் எழுதுங்கள். கைது நடந்தால் எண்ணிக்கையைக் காவல்துறையிடமும் அமைப்பினரிடமும் தனித்தனியாக வாங்குங்கள், இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் போடுங்கள். முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. தமிழ்நாடு காவல்துறையின் தளத்தில் தேடலாம். பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற வழக்குகளுக்கு இது பொருந்தாது.

7. அச்சில் வரக் கூடாத பெயர்கள்

2023 ஜனவரியில், மல்யுத்தக் கூட்டமைப்பின் தலைவர் மீது பாலியல் புகார் சொல்லி டெல்லி ஜந்தர் மந்தரில் வீராங்கனைகள் உட்கார்ந்தபோது அதை எழுதப் போனவர்களில் பெரும்பாலோர் விளையாட்டு நிருபர்கள். நீதிமன்ற நிருபருக்குத் தெரிந்த சட்டம் அவர்களில் பலருக்குத் தெரியாது. ஏப்ரலில் இரண்டு முதல் தகவல் அறிக்கைகள் பதிவாயின, ஒன்று, சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ். பாலியல் குற்றப் புகாரில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவது பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 72இன் கீழும், சிறார் என்றால் போக்சோ பிரிவு 23இன் கீழும் குற்றம்.

பெயரை விட்டால் போதும் என்று நினைப்பது பெரிய ஆபத்து. விளையாட்டில் அடையாளம் எளிதில் வெளியே வந்துவிடும். எடைப்பிரிவு, மாவட்டம், எந்த ஆண்டு எந்தப் போட்டியில் பதக்கம் என்ற மூன்றைச் சேர்த்தால் பெயரே தேவையில்லை, பயிற்சி மையத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். வெளியில் வந்து தானே பேசியவரின் பெயரைப் போடலாம், புகார் கொடுத்தவர் அவர்தான் என்று நீங்களாக முடிச்சுப் போடக் கூடாது.

வழக்கு முடியும்வரை பின்தொடருங்கள். அந்தப் போக்சோ வழக்கு 2025இல் முடித்து வைக்கப்பட்டது, மற்றது தொடர்ந்தது. முதல் செய்தியை முதல் பக்கத்தில் போட்டுவிட்டு இதை விட்டுவிட்டால் இரு தரப்புக்கும் அநீதி.

8. பச்சை நிறச் செய்திக்குறிப்பு வந்தால்

2023 பிளே-ஆஃப் ஆட்டங்களிலிருந்து ஒவ்வொரு டாட் பாலுக்கும் 500 மரக்கன்றுகள் என்று கிரிக்கெட் வாரியம் அறிவித்தது. திரையில் புள்ளிக்குப் பதில் மரப்படம் வந்தது. நல்ல காரியமாக இருக்கலாம். ஆனால் நீங்கள் எழுத வேண்டியது எங்கே நட்டார்கள், எந்த இனம், நிலம் யாருடையது, மூன்று கோடை தாண்டி எத்தனை உயிரோடு இருக்கின்றன என்பது. வனத்துறை நிலமென்றால் அந்தக் கேள்விகள் மனுவுக்கு உரியவை. மாவட்டமும் கிராமமும் கிடைத்தால் நேரில் போய்ப் பாருங்கள். விளையாட்டுப் பிரிவிலிருந்து கன்று எண்ணப் போன முதல் ஆள் என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள், பொறுத்துக்கொள்ளலாம்.

9. பதில் வாங்குதல், செலவு, கெடு

செய்தியில் குற்றம் சாட்டப்படும் தரப்புக்குக் கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்புங்கள், குறைந்தது 48 மணி நேரம் கொடுங்கள். தொலைபேசியில் கேட்டாலும் மின்னஞ்சலும் போக வேண்டும், அவதூறு வழக்கு என்று வரும்போது தேதியும் நேரமும் உள்ள காகிதம்தான் உங்களைக் காக்கும். ‘கருத்துக் கேட்க முயன்றோம்’ என்ற பொதுவரி உதவாது. எந்தத் தேதியில் எத்தனை கேள்வி அனுப்பினோம் என்று எழுதுங்கள்.

செலவைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். மனுக் கட்டணம், தபால், நகல் எல்லாம் சேர்த்து ஒரு செய்திக்குச் சில நூறு ரூபாய் ஆகும், முதல் மேல்முறையீட்டுக்குக் கட்டணமே இல்லை. உண்மையான செலவு பயணமும் நாட்களும்தான். சுதந்திர நிருபராக இருந்தால் பயணச் செலவை யார் தருவது என்பதைக் கிளம்பும் முன் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையை நம்பிப் போய் பஸ் டிக்கெட்டுகளைக் கோப்பில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்த அனுபவம் எனக்கு உண்டு. அந்த இதழின் பெயர் இங்கே வேண்டாம்.

மறுப்புக் கடிதம் வந்தால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். முதல் மேல்முறையீட்டுக்கான 30 நாள் கெடு பதில் உங்கள் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து தொடங்குகிறது, உறையின் மேலுள்ள தபால் முத்திரைதான் அதற்குச் சான்று. அங்கேயும் நியாயம் கிடைக்காவிட்டால் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு, 90 நாட்களுக்குள். ஆணையத்தில் விசாரணை எப்போது வரும் என்று கணிக்க முடியாது. அதற்காகக் காத்திருக்காமல் கையில் உள்ள நீதிமன்ற ஆணையையும் ஒப்பந்தப்புள்ளியையும் வைத்து முதல் செய்தியை வெளியிட்டுவிடுங்கள். எந்தத் தகவல் எந்தத் தேதியில் எந்தக் காரணம் சொல்லி மறுக்கப்பட்டது என்பதையும் அதிலேயே சேருங்கள். ஆணையத்தின் உத்தரவு வரும் நாளில் இரண்டாவது செய்தியை எழுதலாம்.